பனிமலையும் முழங்காலும்

பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள் என்பதை உலகத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். கடைசியாக ஒப்புக்கொள்கிறவர்கள் பெற்றோர்கள்தான். இருபத்தாறு வயதான எங்கள் மகளைப் பற்றி இந்த உண்மையை எங்களுக்கு எடுத்துச் சொன்னது அவளுடைய இடது முழங்கால்.

அவள் பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறாள். சென்ற மாசி மாதத்தில் தோழிகளுடன் பனிச்சறுக்குப் பழகுவதற்காகக் காஷ்மீரத்திலுள்ள குல்மார்க்குக்குப் போனாள். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த ஊர். குல்மார்க் என்றால் மலர்வெளி என்று பொருள். குளிர்காலத்திலோ எங்கே பார்த்தாலும் வெண்பனிதான். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் மட்டும் சறுக்கி விளையாடிய அந்தச் சரிவுகளில், 2020-ஆம் ஆண்டு முதல் நமது தேசத்து இளைஞர்களும் யுவதிகளும் 'கேலோ இந்தியா' குளிர்காலப் போட்டிகளில் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் அவளுடைய சறுக்குக் கட்டை பனியில் சிக்கிக்கொண்டது. உடம்பு திரும்பிற்று, கால் திரும்பவில்லை. முழங்காலுக்குள் 'பட்' என்று ஒரு சப்தம் கேட்டதாம்.

முன்னெல்லாம் பனிச்சறுக்கில் விழுகிறவர்களுக்குக் கணைக்கால் எலும்பு முறிவது சகஜமாயிருந்தது. விழும்போது தாமாகவே கழன்றுகொள்ளும் பூட்டுகள் வந்த பிறகு அந்த முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் முழங்காலுக்குள்ளே சிலுவைபோல் குறுக்கிட்டு எலும்புகளைக் கட்டி நிறுத்தும் இரண்டு நார்களை அந்தப் பூட்டுகளால் முற்றும் காப்பாற்ற முடிவதில்லை. எங்கள் மகளுக்கு அவற்றில் முன்புறத்து நார் அறுந்துபோயிருந்தது.

சக்கர நாற்காலியில் சென்னை வந்து சேர்ந்தாள். பார்க்க வந்த உறவினர்களில் சிலர், "பெண்பிள்ளைக்குப் பனிமலையில் என்ன வேலை?" என்று கேட்டார்கள். "மாடிப்படியில் விழுந்திருந்தால், மாடிப்படியில் என்ன வேலை என்று கேட்பீர்களா?" என்றோம். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

வைத்தியர் உடனே கத்தியை எடுக்கவில்லை. வீக்கம் வடிய வேண்டும், கால் நன்றாக நீள வேண்டும், அதன் பிறகே ரண சிகிச்சை என்றார். இதையெல்லாம் அவர் எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளைப் பார்த்தே சொன்னார். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்டவளும் அவளே. பள்ளிக்கூடத்து மார்க்குப் பட்டியலில் பத்து வருஷம் கையெழுத்துப் போட்ட எங்கள் கைகளுக்கு அன்று வேலை இல்லாமற் போயிற்று.

எங்களில் ஒருவருக்கு மனம் கேட்கவில்லை. அது தாயார் என்று சொல்ல வேண்டியதில்லை. "டாக்டர், புதிய நாருக்கு என் காலிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், அம்மா. அவர் தொடையின் பின்புறத்திலேயே போதுமானது இருக்கிறது" என்றார் வைத்தியர்.

அந்த ஒரு வார்த்தையை நாங்கள் பல நாள் சிந்தித்தோம். எங்களிடமிருந்து அவள் பெற வேண்டியதை முன்பே பெற்றுவிட்டாள். இனி வேண்டியது அவளிடமே இருக்கிறது!

பங்குனியில் சிகிச்சை நடந்தது. சிறு துவாரங்கள் வழியே காமிராவையும் கருவிகளையும் செலுத்தி, எலும்புகளில் துளையிட்டு, தொடையில் எடுத்த நாணை அவற்றின் வழியே இழுத்து இறுக்கிப் பொருத்தினார்கள். உள்ளே ஒன்றரை மணி நேரம். வெளியே நாங்கள் இருந்த பெஞ்சியில் அது ஒரு யுகம்.

வீட்டுக்கு வந்த பிறகு எங்களுக்கு ஏற்பட்ட உத்தியோகம் மிகச் சிறியது. பனிக்கட்டிப் பையை மாற்றுவது, குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்பது, தேகப்பயிற்சியின்போது எண்ணிக்கொண்டிருப்பது. காலை நீட்டும்போது அவள் கண்ணில் நீர் வரும். "போதும், கண்ணே! நாளைக்குச் செய்யலாம்" என்று சொல்ல நாக்குத் துடிக்கும். ஆனால் மடங்காத முழங்காலைப் பரிவினால் மடக்கிவிட முடியுமா? "ஏழு... எட்டு..." என்று எண்ணிக்கொண்டேயிருந்தோம்.

மூன்றாம் மாதத்தில் வலி போயிற்று. அவளுக்கு அவசரம் வந்தது. புதிதாகப் பொருத்திய நாணுக்குள் இரத்தக் குழாய்கள் மெள்ள மெள்ளத்தான் வளருகின்றன. வலி குறைந்துவரும் அந்த முதல் சில மாதங்களிலே நாண் மிகவும் பலவீனமாயிருக்கிறது. விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும் என்பது வைத்தியரின் கண்டிப்பு. அதை நாங்கள் திருப்பிச் சொல்லவில்லை. நாள்காட்டியில் ஒரு வட்டம் போட்டு அவள் கண்ணில் படும் இடத்தில் மாட்டினோம்.

இப்போது ஐப்பசி; ஏழாவது மாதம். தை மாதத்தில் மறுபடியும் குல்மார்க் போகப் போவதாகச் சென்ற வாரம் சொன்னாள். அனுமதி கேட்கவில்லை, செய்தி சொன்னாள். "இரண்டு கால்களின் பலமும் சமமாகிவிட்டது என்று சோதித்துச் சொன்னால் போய் வா, அம்மா" என்றோம். எங்களுக்குப் பயமில்லாமல் இல்லை. ஆனால் பயம் எங்களுடையது, முழங்கால் அவளுடையது.

வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஊன்றுகோல் போன்றவர்கள். வேண்டிய வரையில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வேண்டாத அன்று, மனத்தாங்கல் இல்லாமல் மூலையில் சாய்ந்து நிற்கத் தெரியவேண்டும்.