இரங்கூன் மல்லி

இரங்கூன் மல்லி எனப்படும் கொடியை வாசகர்களில் பலர் கண்டிருப்பர். பெயரில் மல்லி இருப்பினும் இது மல்லிகை இனத்தைச் சார்ந்ததன்று; கடுக்காய், மருது ஆகிய மரங்களின் உறவு. நட்ட புதிதில் புதர்போல் அடங்கி நிற்கும். பின்னர் திடீரென நீண்ட கிளைகளை வீசத் தொடங்கினால், சுவர் என்றும் கூரை என்றும் பாராது. பற்றிக்கொள்ள இதற்குச் சுருள்கம்பி கிடையாது. இலை உதிர்ந்தபின் அதன் காம்படி முள்ளாக இறுகி நின்றுவிடுகிறது; அந்த முள்ளை ஊன்றியே மேலே ஏறுகிறது.

பூவோ இன்னும் வியப்புக்குரியது. அந்திப்பொழுதில் வெள்ளையாக விரிந்து மணக்கும். மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கடுத்த நாள் செம்மை. ஆகவே ஒரே கொத்தில் மூன்று நிறங்களைக் காணலாம். இரவில் நீண்ட உறிஞ்சுகுழல் உடைய அந்துப்பூச்சிகளும், பகலில் தேனீக்களும் பறவைகளும் இதனை நாடி வருகின்றன.

1762-இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய இலத்தீன் பெயர் ‘குவிஸ்குவாலிஸ்’. ‘யார்? எத்தகையவர்?’ என்பது அதன் பொருள். (இன்றைய தாவரவியலார் இதனைக் ‘கோம்பிரீட்டம்’ என்னும் பேரினத்தில் சேர்த்துவிட்டனர்; கேள்வி போய்விட்டது என்பதில் நமக்குச் சற்று வருத்தமே.) அக்கேள்வியை முதலில் எழுப்பியவர், கிழக்கிந்தியத் தீவுகளில் அம்போனில் வாழ்ந்த ரம்ஃபியஸ். அவர் 1670-இல் பார்வையை இழந்தார். 1674-இல் நிலநடுக்கம் மனைவியையும் மகளையும் கொண்டுபோயிற்று. 1687-இல் தீ விபத்தில் அவருடைய தாவர ஓவியங்கள் எரிந்தன. 1692-இல் அவரது கையெழுத்துப் படியைச் சுமந்து சென்ற கப்பல் கடலில் மூழ்கியது. நற்பேறாக ஒரு நகல் எஞ்சியிருந்தது. எழுத்தர்களுக்குச் சொல்லிச் சொல்லியே தம் பணியைத் தொடர்ந்த அவர் 1702-இல் மறைந்தார். நூல் அச்சேறத் தொடங்கியது 1741-இல்.

பார்வையற்றவர் மலர்களை எவ்வாறு அறிவார் என நாம் வியக்கவில்லை. எண்பத்தாறு வயதான நம் தாயாருக்குக் கண்ணழுத்த நோயால் பார்வை நீங்கிச் சில ஆண்டுகளாகின்றன. மாலையில் ஆலய மணி ஒலிக்கும் வேளையில் திண்ணையில் அமர்ந்து, “இன்று புதுக் கொத்து விரிந்திருக்கிறது” என்பார். சென்று நோக்கினால் விரிந்திருக்கும். நிறம் மாறுவதை மட்டும் நம்மிடம் கேட்டறிவார்.

அவர் கையால் நட்ட அக்கொடியே இன்று கூரையை ஒழுகச் செய்கிறது. ஓடுகளைப் பிரித்து மாற்ற வேண்டும், கொடியை அடியோடு எடுத்துவிடுங்கள் என்றார் கொத்தனார். நம் தமையனாரும் அதற்கு இசைந்தார். இக்கொடி புதுத் தளிரில் பூப்பது. குறுக வெட்டினாலும் மீண்டும் பூக்கும் என்று நாம் வாதாடினோம். ஆனால் அதற்குச் சில மாதங்களாகும். எண்பத்தாறு வயதில் சில மாதங்கள் சிறிய காலமன்று. அதனால் இந்த ஆண்டு கொடியைத் தொடவே வேண்டாம் என்றுகூட எண்ணினோம். தமையனார் மறுமொழி கூறாமல், தாயாரின் படுக்கைக்கு மேலே நனைந்திருந்த சுவரைக் காட்டினார்.

இருவரையும் கேட்டுக்கொண்டிருந்த தாயார், “வேரை விட்டுவிட்டு மற்றதை வெட்டச் சொல்லுங்களப்பா. பூத்தால் எனக்குத் தெரியாமலா போகும்?” என்றார்.

ஐப்பசி மழைக்கு முன்னர் கொத்தனார் வருகிறார். முழங்கால் உயரத்தில் தண்டின்மீது சுண்ணாம்பால் கோடு இட்டு வைத்திருக்கிறோம்.