தளர்ந்த ஆட்டக்காரரை நடத்துவது எவ்வாறு?

மாரிக்குப்பத்தினின்று விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் ரயிலில் நாளும் செல்வோர் பெரும்பாலும் நம்மவரே. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின், பிழைப்பு நாடி அந்நகருக்குப் போய்வருவது தங்கவயலார்க்கு வழக்கமாயிற்று. அவ்வண்டியில் அரசியலைக் காட்டிலும் கிரிக்கெட்டே மிகுதியாகப் பேசப்படும்.

2022ஆம் ஆண்டு ஐ.பி.எல். பருவத்தில் அப்பேச்சு பூசலாகவே மாறிற்று. நம் பெங்களூர் அணியின் விராட் கோலி 16 ஆட்டங்களில் 341 ஓட்டங்களே எடுத்தார். மூன்று முறை முதற் பந்திலேயே ஆட்டமிழந்தார். 2019 நவம்பர் 23 அன்று கொல்கத்தாவில் வங்கதேசத்திற்கு எதிராகச் சதமடித்தவருக்கு, அதன்பின் எந்தப் பன்னாட்டு ஆட்டத்திலும் சதம் வாய்க்கவில்லை. அவரை நீக்கவேண்டுமென்று நாமும் வெகுண்டு வாதிட்டோம். ஜூலையில் கபில்தேவ், அஸ்வினையே டெஸ்ட் அணியில் சேர்க்காது விடலாமெனின், கோலியையும் இருபது ஓவர் அணியினின்று விலக்கலாமே என்னும் கருத்தை உரைத்தபோது, நம் கட்சி வென்றதெனக் களித்தோம்.

அன்று எதிரில் அமர்ந்திருந்த அண்டை வீட்டுப் பெரியவர், "தம்பி, உன் கணக்குப் பிசகியபோது உன்னை நீக்கினார்களா?" என்று மெல்லக் கேட்டார். நம்மிடம் விடையில்லை.

சில ஆண்டுகட்கு முன், சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த நம் தந்தையார் நோயுற்றுக் கிடந்தார். அந்நாட்களில் பயணச்சீட்டுச் சாளரத்தில் நம் கணக்கு அடிக்கடி பிழைபட்டது. குறைந்த தொகையைக் கைப்பொருளினின்று கட்டினோம். பிழை நேருமோ என்னும் அச்சமே மேலும் பிழையை வருவித்தது. மேலதிகாரி ஒருவர் தனியே அழைத்து, "ஒரு மாதம் பார்சல் பக்கம் போய் இரு. பிறகு இதே நாற்காலிக்கு வந்துவிடு" என்றார். அவ்விரண்டாம் வாக்கியமே நம்மைக் காத்தது.

கோலிக்கும் ஓய்வே துணையாயிற்று. ஒரு மாதம் மட்டையைத் தொடவேயில்லை என்றும், பத்தாண்டுகளில் அதுவே முதன்முறை என்றும் அவரே பின்னர் உரைத்தார். 2022 செப்டம்பர் 8 அன்று துபாயில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, 61 பந்துகளில் ஆட்டமிழக்காது 122 ஓட்டங்கள் குவித்தார். அது அவருடைய 71ஆம் பன்னாட்டுச் சதம். அக்டோபர் 23 அன்று மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிராக 82 ஓட்டங்கள் எடுத்து, ஆட்டமிழக்காது நின்று வெற்றி தேடித்தந்தார்.

பழம் பெருமைக்காக ஒருவரை என்றும் அணியில் வைத்திருக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. காத்திருக்கும் இளைஞரின் வாய்ப்பும் பெரிதே. ஆனால் தளர்ந்தவரை ஓயாது களத்தில் இறக்கி நாணச் செய்வதும், ஊரறியத் தூற்றித் துரத்துவதும் ஒருபோலத் தவறாம். குறையை அவர் முகத்தெதிரே கூறுக, ஓய்வு தருக, திரும்பும் நாளையும் குறித்துத் தருக. அதன் பின்னும் கை வரவில்லையெனின் விலக்குக, அதில் அநீதியில்லை.

தேர்வில் ஓராண்டு தவறிய பிள்ளையும், வேலையிழந்து திண்ணையில் அமர்ந்த தம்பியும் நம் வீடுகளில் உண்டு. அவர்களிடம் நாம் பேசும் இரண்டாம் வாக்கியம் யாது என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக.