அறுந்த சுட்டிகள்

சோமனூர் என்பது கண்ணுக்கு நான்கே எழுத்து. கணினிக்கு அவ்வாறன்று. ஒருங்குறியில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது ஏழு குறியாகிறது. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்; ஒவ்வொரு பைட்டும் இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக, நான்கு எழுத்து ஊர்ப்பெயர் 63 எழுத்தாகிவிடுகிறது. தமிழ் விக்கிப்பீடியா முகவரியின் ஈற்றில் அதை இட்டால் மொத்தம் 93.

மின்னஞ்சலுக்கான பொதுநெறியோ ஒரு வரி 78 எழுத்துக்குள் அடங்குவது நல்லது என்கிறது. ஆதலால் சில மென்பொருள்கள் நீண்ட முகவரியை நடுவில் மடக்கிவிடுகின்றன. முதல் துண்டு மட்டும் நீலநிறச் சுட்டியாகும். மீதி அநாதையாக அடுத்த வரியில் கிடக்கும்.

நம் மொழியின் இயல்பும் இதற்குத் துணைபோகிறது. ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் விலகி நிற்கும்; தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். முகவரியை எழுதி, இடைவெளியின்றி ‘இல்’ என்றோ ‘ஐ’ என்றோ சேர்த்தால், அவ்வுருபும் முகவரிக்குள் புகுந்துவிடக்கூடும். தொல்காப்பியம் கற்பிப்பவனுக்கு இதில் சிறு வருத்தம் உண்டு.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் வைத்தது. விசைத்தறி ஓசைக்கு நடுவே படிக்கும் எங்கள் மாணவர்க்கு அது பெரிய நூலகம். ஆயினும் அறுந்த சுட்டியைச் சொடுக்கியவன் ‘பக்கம் இல்லை’ என்று கண்டதும், முகவரி பிழை என்று எண்ணுவதில்லை. நூலே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறான். தறியில் இழை அறுந்தால் கண்டுபிடித்து முடிச்சிடலாம். இங்கே அறுந்ததே தெரிவதில்லை.

தீர்வு எளிது. டிம் பெர்னர்ஸ்-லீயும் இருவரும் 2005-இல் எழுதிய முகவரி நெறிநூல், முகவரியை < > குறிகளுக்குள் இடுமாறு பரிந்துரைக்கிறது. முகவரியைத் தனி வரியில் எழுதுங்கள். உருபையும் முற்றுப்புள்ளியையும் அதன்மேல் ஒட்டாதீர்கள். ‘பின்வரும் பக்கத்தில் காண்க’ என்று முன்வரியிலேயே வாக்கியத்தை முடித்துவிடுங்கள். அனுப்புமுன் உங்களுக்கே ஒரு படி அனுப்பிச் சொடுக்கிப் பாருங்கள்.

எல்லாவற்றினும் மேலாக, நூற்பெயர், ஆசிரியர், உரையாசிரியர், பதிப்பாண்டு ஆகியவற்றைத் தமிழில் உடன் எழுதுங்கள். தளங்கள் இடம்மாறும், முகவரிகள் மாளும். பெயர் தெரிந்தவன் தேடிக்கொள்வான்.