தோரமல்லியின் ஊர்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாகப் பஸ்ஸில் போனால் சுமார் நூறு கிலோமீற்றரில் இரத்தினபுரி. களுகங்கை ஓடும் ஊர். மழை எந்நேரமும் வரும், கையில் குடை இருக்கட்டும். வயல்களுக்கு நடுவே கூரை போட்ட குழிகள் தெரியும். மண் சரியாதபடி சுற்றிவர மரம் கட்டி, பன்னக் கீற்றுகளைச் செருகி இறங்குகிறார்கள். அடியில் இருக்கும் சரளை மண்ணுக்கு 'இல்லம்' என்று பெயர். அதைக் கூடையில் போட்டுத் தண்ணீரில் அரித்தால் கல் மிஞ்சும். பெண்கள் குழிக்கருகே போகக்கூடாது என்பது இங்கே பழைய வழக்கம். கல் தீட்டும் பட்டறைகளில் மட்டும் பெண்களின் கை வேண்டுமாம்!

நீலமும் புஷ்பராகமும் இவ்வூரின் பெயர்பெற்ற கற்கள். நான் சொல்ல வந்தது தோரமல்லியைப் பற்றி. இச்சிங்களச் சொல்லிலிருந்துதான் ஆங்கிலேயரின் 'டூர்மலின்' பிறந்தது. 1700களின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இக்கல்லை இங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சூடாக்கினால் சாம்பலை இழுக்கிறதே என்று வியந்து, புகைக்குழாய்ச் சாம்பலை எடுக்க அதைப் பாவித்தார்களாம். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. சூடேறும்போது கல்லின் ஒரு முனையில் நேர் மின்னும் மறுமுனையில் எதிர் மின்னும் சேரும், அது தூசியை இழுக்கும். அழுத்தினாலும் மின் உண்டாகும் என்பதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள்.

நிறங்களோ சொல்லி முடியாது. இரும்பு சேர்ந்தால் கடும்பச்சை, கறுப்பு. மங்கனீசு சேர்ந்தால் இளஞ்சிவப்பு. வெளியே பச்சையும் உள்ளே சிவப்புமாக, வெட்டிய வத்தகப்பழம் போலவே பிரேசிலில் கிடைக்கிறது. எங்கள் நாட்டில் கிடைப்பவை பெரும்பாலும் மஞ்சளும் மண்ணிறமும் பச்சையும். ஒரே கல்லை நீளவாட்டில் பார்த்தால் இருண்டிருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் தெளியும். வெட்டுபவர் இதைக் கவனிக்காவிட்டால் நல்ல கல்லும் கரியாகிவிடும்.

என்னுடன் வந்த அக்கா வன்னியைச் சேர்ந்தவர். 2009இல் எல்லாவற்றையும் விட்டு வந்தபோது, மாமியாரின் பச்சைக்கல் மோதிரம் மட்டும் சேலை முடிச்சில் இருந்தது. மரகதம் என்று வீட்டில் சொல்லி வந்தார்களாம். மகளின் படிப்புக்கு அதை விற்க எண்ணியிருந்தார். தெருவில் ஒருவர், "கண்ணாடி" என்று சொல்லி இரண்டாயிரம் தர நின்றார். அக்காவின் முகம் வாடிவிட்டது.

பக்கத்தில் நின்ற முதிய முஸ்லிம் வியாபாரி லென்ஸை நீட்டினார். "பாருங்க தங்கச்சி, அடிப்பக்கத்துக் கோடு ரெண்டு ரெண்டாத் தெரியுதா? கண்ணாடியில தெரியாது, மரகதத்திலயும் இப்படித் தெரியாது. இது தோரமல்லி."

அக்கா நெடுநேரம் பார்த்தார். "ஓம், ரெண்டாத்தான் இருக்கு" என்றார்.

விலை கேட்டோம். அவர் சொல்லவில்லை. கொழும்பில் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையில் பரிசோதித்து எழுத்தில் வாங்கிய பிறகு விலை பேசச் சொன்னார். கல்லைக் கையைவிட்டுக் கொடுக்காமல், முன்னாலேயே நிறுக்கச் சொல்லி கரட் எடையைக் குறித்துக்கொள்ளவும் சொன்னார்.

அக்கா மோதிரத்தைக் கடதாசியில் மடித்து முடிச்சில் வைத்துக்கொண்டார். பின்னேர பஸ்ஸில் கொழும்புக்கு இரண்டு சீற் கிடைத்தது.