கண்டியில் ஒரு வாங்கு

கண்டிமாநகருக்குச் செல்லும் அன்பர்கள் தலதா மாளிகையையும் பேராதனைப் பூந்தோட்டத்தையும் கண்டு மீள்வது வழக்கம். நாமும் பன்முறை அவ்வாறே செய்திருக்கிறோம். இம்முறை நாம் சென்றது ஒரு வாங்கின் பொருட்டு என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும்.

கண்டியில் வாழும் நம் நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர்; பருத்தித்துறையைச் சேர்ந்தவர். அவருடைய துணைவியார் ஈராண்டுகளுக்கு முன் காலமானார். அம்மையாருக்கு முழங்கால் நோவு உண்டு. ஆயினும் மாலைதோறும் வாவிக்கரைக்கு வருவதை அவர் விட்டதில்லை. அவர் நினைவாக அக்கரையில் ஒரு வாங்கு அமைக்க வேண்டுமென்பது நண்பரின் விருப்பம். "விண்ணப்பம் எழுத உடனிருந்து உதவவேண்டும்" என்று அவர் எழுதவே, கொழும்பிலிருந்து பஸ் ஏறினோம்.

கடுகண்ணாவை ஏற்றத்திலே, தெருவோரமாக ஒரு பழைய அம்பலம் நிற்கிறது. தூண்களும் ஓட்டுக்கூரையுமாய், வழிப்போக்கர் இருந்து இளைப்பாறுவதற்கென அமைந்தது. அதற்கு அண்மையில் 1832இல் எழுப்பிய டோசன் கோபுரம் உண்டு. கொழும்பு - கண்டி வீதியை அமைத்து 1829இல் இறந்த கப்டன் டோசனின் நினைவுச்சின்னம் அது. கோபுரம் வானளாவ நிற்கிறது. எனினும் வெயிலில் வருபவன் அம்பலத்தையே நாடுவான். சிங்களத்தார் கூறும் 'அம்பலம' என்ற சொல் நம் அம்பலமே. நாமோ இருக்கைக்குப் போர்த்துக்கீசரிடமிருந்து 'வாங்கு' என்னும் சொல்லை வாங்கிக்கொண்டோம்! சொற்களும் வழிநடையிலே இடம் மாறி அமர்கின்றன போலும்.

கண்டியை அடைந்த அன்று மாலையே நண்பர் நம்மை வாவிக்கரைக்கு அழைத்துச் சென்றார். சுற்றிவர ஏறத்தாழ 2 மைல் நடை. மரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும் அடையும் நேரம். அம்மரங்களின் கீழ் நடைபாதை வெண்சுண்ணம் பூசியது போலிருந்ததைக் கண்டு, "இவ்விடத்தில் வாங்கு வைத்தால் இருப்பவர் குடை பிடிக்க வேண்டும்" என்றோம். நண்பர் சிரிக்கவில்லை. ஒரு வளைவிலே நின்று, "இங்கேதான்" என்றார். அதன்பின் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

இவ்வாவி முன்பு வயல்வெளியாய் இருந்தது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அணைகட்டி, 1807 அளவில் அதனை நீர்நிலையாக்கினான். சிங்கள மக்கள் கிரிமுகுத, அதாவது பாற்கடல், என்று அதற்குப் பெயரிட்டனர். கண்ணுசாமி என்ற பெயருடன் பிறந்த இந்நாயக்க குலத்தவன் கரையோரமாய் எழுப்பிய முகில்வடிவ மதில் இன்றும் முற்றுப்பெறாமலே நிற்கிறது. வயலைக் கடலாக்க அவன் எவரிடத்தும் விண்ணப்பிக்கவில்லை. கூலியின்றி உழைத்த குடிகளின் மனக்கசப்பு மட்டும் மிஞ்சியது. 1815இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்தனர். வேலூரிற் சிறையிருந்து 1832இல் மாண்டான். நாம் வேண்டியதோ ஐந்தடி நீள இருக்கை.

மறுநாள் மாநகரசபைக்குச் சென்றோம். 1865ஆம் ஆண்டு முதல் நகரைப் பரிபாலித்துவரும் சபை அது. அங்கிருந்த உத்தியோகத்தர் ஒருவர் நம்மை இருக்கச் சொல்லிப் பொறுமையோடு கேட்டார். பின்பு விளக்கலானார். பொதுத்தெருவிலோ பூங்காவிலோ எவரும் தம் எண்ணப்படி ஒன்றை நாட்டிவிட முடியாது. நல்லெண்ணத்தோடு வைத்த வாங்கேயாயினும் இரவில் ஒருவர் இடறிவிழுந்தால் பொறுப்பாளி யார்? நடைபாதையில் ஆட்கள் செல்ல இடம் எஞ்ச வேண்டும்; வடிகான் அடைபடலாகாது; கொடுத்தபின் வாங்கு சபையின் உடைமை. அன்றியும் புனித நகர்ப்பகுதி 1988 முதல் உலக மரபுரிமைத் தலம். அங்கே ஒரு கல்லை நடுவதற்கும் தொல்பொருட் பகுதியினர் முதலானோரின் இசைவு வேண்டப்படலாம்.

நண்பரின் முகம் வாடிற்று. உத்தியோகத்தர் அதனைக் கண்டார் போலும். "வாவியைச் சுற்றி இருக்கைகள் உண்டு, ஐயா. மலைத்தெருக்களிலேதான் ஒன்றுமில்லை. அம்மா எந்தப் பக்கமாய் வீடு திரும்புவார்?" என்று வினவினார்.

நண்பர் வெகுநேரம் மறுமொழி கூறவில்லை. ஹந்தானைப் பக்கம் ஏறும் ஓர் உட்தெருவில் அவர் வீடு. வாவிக்கு இறங்கிவருவது அம்மையாருக்கு எளிது. மீண்டும் ஏறுவதே பெரும்பாடு. பாதிவழியிற் பூட்டிய கடையொன்றின் படிக்கட்டிலே நாடோறும் இருந்து மூச்சு வாங்குவாராம். "அந்தப் படியை நான் மறந்தே போனேன்" என்றார் நண்பர், வெளியே வந்ததும்.

மாணவர்கள் அறிந்துகொள்ளட்டும் என்று விண்ணப்பத்தின் அமைப்பைக் கூறுகிறோம். மாநகர ஆணையாளருக்கு முகவரியிட்டு, இடத்தை வரைபடத்திற் குறித்து, நீள அகலமும் பொருளும் செலவை ஏற்பவர் யாரென்பதும் எழுதினோம். அயல்வீட்டார் எழுவரின் கையொப்பமும் சேர்த்தோம்; அவர்களிற் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் இருந்தனர். நண்பர் முதலிற் பலாமரப் பலகை என்றார். கண்டி மழையில் மரம் உளுத்துவிடும், இரும்பு களவுபோம் என்று அயலார் எடுத்துரைக்கச் சீமெந்துக்கு இசைந்தார்.

பெயர்ப்பலகையைப் பற்றி நமக்குள் வாதம் எழுந்தது. நியூயோர்க் நகரத்து மையப்பூங்காவிலே 1986 முதல் பெருந்தொகை கொடுப்போர் வாங்குகளிற் சிறு தகடு பதித்து நினைவுமொழி எழுதுகின்றனர் என்பதை நாம் எடுத்துக்காட்டினோம். நண்பர் தம் ஊரை நினைவூட்டினார். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தையும், யாழ்ப்பாணத்து வழிகளிலே சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல், தண்ணீர்த்தொட்டி என்று நம் முன்னோர் வைத்தவற்றையும் சொன்னார். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகவே சுமைதாங்கிகள் பல எழுந்தன. சிறுவயதில் தாம் புத்தகக்கட்டை இறக்கிவைத்த கல் எவள் நினைவாக நின்றதென்று அவர் கேட்டதில்லையாம். "வாவிக்கரையாயின் பெயர் வேண்டும். இந்தத் தெருவில் அவளை அறியாதவர் யார்?" என்றார். நமக்கு அது முழுதும் உடன்பாடில்லை. முப்பது ஆண்டு சென்றால் அறிந்தவர் யார் இருப்பார்? ஆயினும் அது அவருடைய வாங்கு, நாம் வற்புறுத்தவில்லை.

இசைவுக்கடிதம் வந்த வேளை மழைக்காலம். ஈரமண்ணிலே அத்திவாரம் நில்லாதென்று தை பிறக்கும்வரை காத்திருந்தார்கள். வாங்கு அமைந்தபின் மீண்டும் சென்றோம். காலையிற் புல்லுக்கட்டுடன் வந்த ஒரு மூதாட்டி கட்டை வாங்கின்மேல் இறக்கிவைத்துத் தாம் தரையில் அமர்ந்தார். பின்பு இரண்டு பள்ளிப்பிள்ளைகள் அதன்மேல் ஏறிக் குதித்தனர். நண்பர் அவர்களை அதட்டப் போய், அதட்டாமல் நின்றார். அவர் இன்னும் அதில் ஒருமுறையேனும் இருக்கவில்லை. "ஏறும்போது இருப்பேன்" என்று கூறி, நம்மை வாவிப்பக்கமாய் அழைத்துக்கொண்டு இறங்கினார்.