இலைக் கதிர்க்குருவியும் என் காதும்

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு முடிந்து பட்டியல்களை எல்லாம் ஈபேர்டில் ஏற்றிவிட்டேன். வழக்கமாக எண்ணிக்கையை மட்டும் போட்டுவிட்டுப் போவேன். இந்த முறை கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள், 34 வருஷம் வகுப்பில் பேசிய வாய்.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 முதல் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் தமிழ்நாடு முழுக்க இது நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்றோ நடந்தோ, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி எழுத வேண்டும். மயிலை எழுதிவிட்டுக் காக்காயை விடக் கூடாது. எல்லாவற்றையும் எழுதினால்தான், பட்டியலில் இல்லாத பறவை அன்றைக்கு அங்கே தட்டுப்படவில்லை என்று அர்த்தம் வரும். வராத பிள்ளைக்கு ஆப்சென்ட் போடாத பதிவேடு என்ன பதிவேடு?

குளிர்காலத்தில் வருகிற சின்னப் பறவைகள்தான் எனக்குப் பிரியம். கொடிக்கால் வாலாட்டி, பழுப்புக் கீச்சான், சாயங்காலம் விசிலடிக்கும் ஆறுமணிக் குருவி. அவற்றிலும் இலைக் கதிர்க்குருவி தனி. ஆங்கிலத்தில் கிரீனிஷ் வார்ப்ளர். இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தின் எடைதான் இருக்கும். இமயமலையிலும் அதற்கு வடக்கே வெகுதூரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, இந்த எடையோடு நம் வேப்பமரத்துக்கு வந்து ஏப்ரல் வரை தங்கிவிட்டுப் போகிறது. இங்கே ஆளுக்கொரு மரம் பிடித்துக்கொண்டு, 'இது என் இடம்' என்று நாள் முழுக்கக் குரல் கொடுக்கும். எங்கள் பக்கத்து முண்டந்துறைக் காட்டில் மதுசூதன் கட்டி என்ற ஆய்வாளர் இந்த இனத்துப் பறவைகளின் குளிர்கால வாழ்க்கையை ஆராய்ந்திருக்கிறார். பாடும் பறவை என்று பெயர்தான். நம் ஊரில் பெரும்பாலும் அதட்டல்தான்.

இலை நிறத்தில் இலைக்குள் இருப்பதால் பார்ப்பது கஷ்டம். 'ட்சிஸ்லீ' என்று கீச்சுக் குரல் கேட்டுத்தான் எண்ண வேண்டும். ஓய்வு பெற்ற புதிதில், எங்கள் தெருவிலிருந்து வாய்க்கால் பாலம் வரை நடந்தால் ஐந்தாறு எழுதுவேன். பிறகு மூன்று, அப்புறம் ஒன்று. போன பொங்கலுக்கு நான்கு நாளும் ஒன்றுகூட இல்லை. மனசு கேட்கவில்லை. வாய்க்கால் கரையில் இரண்டு புளியமரத்தை வெட்டியிருந்தார்கள். வயலில் மருந்தடிப்பும் கூடியிருந்தது. காரணமா கிடைக்காது?

இந்த வருஷம் பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஐந்தாம் வகுப்பு, நானும் வருவேன் என்று கூடவே வந்தாள். பாலத்துக்கு முன்னால் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டாள்.

"டீச்சர், இந்தா கத்துதே, இது என்ன குருவி?"

"எது தாயி?"

"இந்தா, சிலீ சிலீன்னு. உங்களுக்குக் கேக்கலையா?"

பைனாகுலரில் பத்து நிமிடம் தேடினேன். உச்சிக் கிளையில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. அலகு திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. சத்தம் இல்லை, ஊமைப்படம் பார்ப்பது போல. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அன்று அவள் நான்கு சொன்னாள். நான்கையும் தேடிப் பார்த்துத்தான் எழுதினேன்.

பொங்கல் கழிந்து காது பரிசோதனைக்குப் போனேன். பேச்சு நன்றாகக் கேட்கிறது, உச்சக் குரல்கள்தான் போய்விட்டன, வயசானால் முதலில் போவது அதுதான் என்று வரைபடத்தைக் காட்டினார்கள். கோடு வலது பக்கம் போகப் போகக் கீழே சரிகிறது. நாணல் கதிர்க்குருவியின் 'செக்' என்ற தடித்த குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது. அதனால்தான் சந்தேகமே வரவில்லை.

என் காதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கணக்கைப் பற்றித்தான். 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்களின் 3 கோடிக்கும் அதிகமான பதிவுகளை வைத்து 942 இனங்களை எடைபோட்டது. நூறு பட்டியலில் எத்தனையில் இந்தப் பறவை இருக்கிறது என்பதைத்தான் வருஷா வருஷம் ஒப்பிடுகிறார்கள். அந்த நோக்கர்களில் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர்? எங்களுக்கு வயசு கூடக் கூட, குருவி குறைகிற மாதிரி தெரிந்தால்? அந்தப் பக்கம், உண்மையிலேயே ஒரு ஊரில் குருவி குறைந்து, 'பெருசுகளுக்குக் காது கேட்கவில்லை' என்று யாராவது தள்ளிவிட்டால் அது இன்னும் மோசம்.

பழைய பட்டியல்களைத் திருத்தவில்லை. அடையாளம் காண முடிந்த எல்லாவற்றையும் பதிந்தீர்களா என்றுதான் ஈபேர்ட் கேட்கிறது, பதிந்திருக்கிறேன். இனிமேல் தனியாகப் போனால், உச்சக் குரல் கேட்காது என்று குறிப்புப் பெட்டியில் எழுதிவிடுவேன். அவளோடு போனால் நோக்கர்கள் இரண்டு பேர் என்று போடுவேன். ஒரே பாதை, ஒரே நேரம், அதில் மாற்றமில்லை.

அறுபது தாண்டிய பறவை நண்பர்கள் ஒருமுறை காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கேட்கும் கருவி போட்டுக்கொண்டு பறவை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால், இந்தக் குரல் அதில் கேட்கிறதா என்று கீழே எழுதுங்கள். விலையைக் கேட்டுத் தலை சுற்றிவிட்டது, தெரிந்துகொண்டு வாங்கலாம் என்றிருக்கிறேன்.

பிப்ரவரியில் அடுத்த கணக்கெடுப்பு நான்கு நாள் வருகிறது. காலை ஆறரைக்குக் கூப்பிட்டால் வருவேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் அம்மாவிடம் இன்னும் பேசவில்லை.