கோக்காவும் ரீஃபில் கிடைக்காத பேனாவும்

என்.சி.சி.யில இருந்தவங்களுக்கு .22 ரைஃபிள் மறக்காது. குற்றாலச் சாரல் லேசா தூறிக்கிட்டிருந்த ஒரு காலையில குப்புறப் படுத்து ஐஞ்சு ரவுண்டு சுட்டேன். அட்டையில எத்தனை பட்டுச்சுன்னு மட்டும் கேக்கப்படாது. சுட்டு முடிச்சதும் ஹவில்தார் முதல்ல கேட்டது காலிக் கூட்டைத்தான். பட்டாளத்துப் பாஷையில 'கோக்கா'. ஒண்ணு குறைஞ்சாலும் அத்தனை பேரும் புல்லுக்குள்ள தேடணும்.

அப்படித் தேடி எடுத்த ஒரு கோக்காவைப் பார்த்தப்பதான் கவனிச்சேன். அடி நடுவுல ஒண்ணுமே இல்ல. விளிம்புல மட்டும் ஒரு நசுங்கல். இதுதான் ரிம்ஃபயர். பொறி வைக்கிற மருந்து விளிம்பு மடிப்புக்குள்ள சுத்தி இருக்கும், ஊசி அங்க அடிச்சா பத்திக்கும். (நம்ம செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911-ல மணியாச்சியில எடுத்த பிரௌனிங் வேற ரகம். அந்தத் தோட்டாவுல மருந்து அடியோட நடுவுல தனிக் குப்பியில இருக்கும்.)

தனிக் குப்பின்னா அதை மாத்தி, புது மருந்தும் குண்டும் வச்சு அதே கூட்டைத் திரும்பச் சுடலாம். வெளிநாட்டுல வீட்டுலயே செய்வாங்க. ரிம்ஃபயர்ல நசுங்கினது நசுங்கினதுதான். கம்பெனி தோட்டா போடுறதை நிறுத்திட்டா துப்பாக்கி வெறும் இரும்புத் தடி.

அமெரிக்காவுல இது நடந்துச்சு. 1970 வாக்குல ரெமிங்டன் 5 மி.மீ. மேக்னம்னு ஒரு ரிம்ஃபயர் கொண்டு வந்தாங்க. விளிம்பு நசுங்கணும்னா தகடு மெலிசா இருக்கணும், மெலிசா இருந்தா அழுத்தம் தாங்காது. அந்தச் சிக்கலையே ஓரளவு சமாளிச்சு, .22 மேக்னத்தை விட வேகமா ஓட விட்டாங்க. சரக்குல குறை சொல்ல முடியாது. ஆனா குண்டோட அளவு யார்கிட்டயும் இல்லாத அளவு. வேற பெரிய கம்பெனி எதுவும் அதுக்குத் துப்பாக்கி செய்ய முன்வரல. துப்பாக்கி கொஞ்சம், அதனால தோட்டா கொஞ்சம். தோட்டா கொஞ்சம்னா விலை ஜாஸ்தி, அப்புறம் துப்பாக்கியை யார் வாங்குவா? 1974-ல ரைஃபிள் நின்னுச்சு, சில வருஷத்துல தோட்டாவும் நின்னுபோச்சு. நம்பி வாங்கினவன் பாடு திண்டாட்டம். மெக்சிகோவோட அகுயிலா 2008-ல மறுபடி போடற வரைக்கும் மிச்சமிருந்ததை எண்ணி எண்ணித்தான் சுட்டிருப்பான்.

2002-ல வந்த .17 எச்.எம்.ஆர். பிழைச்சுக்கிச்சு. அது .22 மேக்னம் கூட்டையே கழுத்தைச் சுருக்கிச் செஞ்சது. துப்பாக்கிக் கம்பெனிகளுக்குக் குழலை மாத்தினா பாதி வேலை முடிஞ்சுது. 2004-ல அதோட தம்பி .17 மாக் 2 வந்தான். அவனுக்குப் போட்டி 1887-லேர்ந்து மலிவு விலையில ஓடுற .22 லாங் ரைஃபிள். விலையில ஜெயிக்க முடியுமா? மூச்சு வாங்கிட்டான்.

இதெல்லாம் தேடிப் படிச்சதுக்குக் காரணம் துப்பாக்கி இல்ல வே, ஒரு பேனா. மாமா துபாய்லேர்ந்து கொண்டாந்தது. கையில பிடிச்சா விட மனசு வராது, அப்படி எழுதும். ரீஃபில் தீர்ந்து டிராயர்ல கெடக்கு. போன வாரம் தென்காசி பஜார்ல இன்னொரு கடையிலயும் கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் கழட்டிப் பார்த்துட்டு, "இந்த அளவு நம்ம பக்கம் வராது. செல்லோ ஒண்ணு தரவா அண்ணாச்சி?"ன்னார்.

வாங்கிட்டு வந்துட்டேன்.